விரதத்துக்குப் பட்டன் இல்லை

வேணி அக்காவுக்கு வாய் அதிகம் என்று எங்கள் ஹோட்டலில் எல்லாரும் சொல்வார்கள். அந்த வாயை வைத்துத்தான் அந்த ஹோட்டல் ஓடியது என்பதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஹோட்டல். முதலாளி சௌரிராஜன் சார். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, மேலே படிப்பதா வேண்டாமா என்று வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது அங்கே பில் போடச் சேர்ந்தேன். வேணி அக்கா சப்ளையர். பிறந்தது உப்பிலியபுரம், கல்யாணமாகிப் பொன்மலைக்கு வந்தவர். அங்கிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருவார். அவர் உள்ளே நுழைந்தால் தெருவுக்கே தெரியும்.

"என்னங்க நல்லதம்பி, சட்னி தண்ணியா ஓடுது? காவேரியில புடிச்சீங்களா?" என்பார்.

"நீ பேசுற பேச்சுல கல்லே காஞ்சிரும், போ" என்பார் சமையல் மாஸ்டர் நல்லதம்பி. இரண்டு பேருமே சிரிக்கமாட்டார்கள். ஆனால் சட்னி உடனே மாறிவிடும்.

எங்கள் ஹோட்டலில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளியின் அப்பா காலத்தில் அங்கே வெங்காயமே கிடையாதாம். பிறகு வெளியூர்க் கூட்டம் வர ஆரம்பித்ததும் சின்ன வெங்காய சாம்பார் வந்தது. ஆனாலும் வெங்காயம், பூண்டு சேராத சாம்பார் ஒன்றைத் தனிப் பாத்திரத்தில் வைத்திருப்பார்கள். விரதம் இருப்பவர் வந்தால் சப்ளையர் கிச்சன் பக்கம் திரும்பி, "ரெண்டு கோதுமை தோசை, விரதம்!" என்று குரல் கொடுப்பார். அந்த ஒரு சொல் போதும், மாஸ்டரின் கை தனிப் பாத்திரத்துக்குப் போய்விடும். ஏகாதசியன்று காலை முழுக்க வேணி அக்காவின் தொண்டையில் அந்தச் சொல்தான் ஓடும்.

இந்த வருஷம் முதலாளியின் அண்ணன் மகன் பிரஹலாத் சார் சென்னையிலிருந்து வந்தார். ஹோட்டலை நவீனமாக்க வேண்டும் என்றார். ஆர்டர் எடுக்க, பில் போட, எல்லாவற்றுக்கும் ஒரே சாஃப்ட்வேர். ஒவ்வொரு கம்பெனிக்காரராக வந்தார்கள். ஏசி அறையில் உட்கார்ந்து, டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் முதலாளியும் பிரஹலாத் சாரும் மட்டும். டேப்லெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நடக்கப்போகிறவர்களை யாரும் கூப்பிடவில்லை. சைக்கிள் வாங்கினால்கூட ஓட்டுகிறவரை ஏற்றிப் பார்ப்பார்கள் இல்லையா?

கடைசியாக வந்தவர் பிரவீன்ராஜ் என்ற பையன். காபி கொடுக்கப் போன வேணி அக்கா அப்படியே நின்று டேப்லெட்டைப் பார்த்தார். நான் பழைய பில் கணக்கைக் காட்டுவதற்காக உள்ளே இருந்தேன்.

"இதுல விரதம்னு எங்க தம்பி அழுத்தறது?" என்று கேட்டார்.

"எது, விரதமா?" அந்தப் பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படி ஒரு ஐட்டம் மெனுவுல இல்லையேக்கா."

"ஐட்டம் இல்லங்க. வெங்காயம் போடாத சாம்பார். நாங்க அப்படித்தான் சொல்லுவோம்."

"அதெல்லாம் நோட்ஸ்ல டைப் பண்ணிக்கலாம்."

"தமிழ்ல அடிச்சா கிச்சன்ல தமிழ்ல வருமா?"

பிரஹலாத் சார் குறுக்கே வந்தார். "வேணிம்மா, வெளியில கஸ்டமர் வெயிட் பண்றாங்க பாருங்க."

வெளியே ஒரு மேஜையிலும் ஆள் இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வேணி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனார். பிரஹலாத் சார் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த சாஃப்ட்வேரையே வாங்கினார்கள்.

அதோடு புது விதிகளும் வந்தன. எல்லா ஆர்டரும் டேப்லெட் வழியாகத்தான் போக வேண்டும். கிச்சனைப் பார்த்துக் குரல் கொடுக்கக் கூடாது. "கத்தினா ஹோட்டல் மாதிரி இருக்காது, சந்தை மாதிரி இருக்கும்" என்றார் பிரஹலாத் சார். ஒவ்வொரு சப்ளையருக்கும் ஒரு நம்பர். யார் என்ன தப்பு செய்தாலும் அவர் பெயரில் பதிவாகும். தப்பு அதிகம் உள்ளவர்கள் போக வேண்டியிருக்கும் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். வேணி அக்காவின் வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். அவர் டேப்லெட்டைப் பழகிக்கொண்டார். வேகமாகவே பழகினார்.

முதல் ஏகாதசி வந்தது. கோயிலுக்குப் போய்வந்த கூட்டம் அப்படியே எங்கள் வாசலில் நின்றது. சத்யபாமா மாமியும் வந்தார். ரிட்டையர்டு டீச்சர், ஒவ்வொரு ஏகாதசிக்கும் வருகிறவர். வேணி அக்காவின் மேஜையில்தான் உட்காருவார்.

வேணி அக்கா கோதுமை தோசையை அழுத்தினார். நோட்ஸில் தமிழில் 'விரதம்' என்று அடித்தார். அனுப்பிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். கிச்சனில் சீட்டு வந்தது. தோசையின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் கீழே வரிசையாகக் கட்டங்கள். அந்தப் பிரிண்டருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. தமிழில் ஹோட்டல் பெயர் வர வேண்டிய இடத்திலும் எல்லாச் சீட்டிலும் அப்படிக் கட்டங்களே வந்துகொண்டிருந்ததால் நல்லதம்பி மாஸ்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. தட்டை வேறு ஆள் எடுத்து வந்து மாமி முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

மாமி இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் கிண்ணத்தில் சின்ன வெங்காயம் மிதந்ததைப் பார்த்தார்.

அவர் சத்தம் போடவில்லை. எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். "உன்னை நம்பித்தானே வேணி இங்க வரேன்? என் விரதத்தை இப்படிப் பண்ணிட்டியே" என்றார். வேணி அக்கா அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

பிரஹலாத் சார் ஓடிவந்து மாமியிடம் கை கூப்பினார். பிறகு டேப்லெட்டைத் தட்டினார். "ஆர்டர் உங்க நம்பர்லதான் வந்திருக்கு வேணிம்மா. ஸாரி கேளுங்க. அப்புறம் வீட்டுக்குப் போங்க, நாங்க கூப்பிடறோம்" என்றார்.

நாங்க கூப்பிடறோம் என்றால் என்ன அர்த்தம் என்று வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

வேணி அக்கா மாமியிடம் போனார். "வெங்காயம் உங்க வாயில பட்டதுக்கு மன்னிச்சிருங்கம்மா. அது எனக்குத் தாங்கல" என்றார். பிறகு பிரஹலாத் சார் பக்கம் திரும்பினார். "ஆனா தப்பு என்னோடதுன்னு சொல்லமாட்டேன். தம்பி, உங்க கையால அதே வார்த்தையை அடிச்சு அனுப்புங்க. நீங்களே கிச்சன்ல போய்ப் பாருங்க."

"இப்ப அதுக்கு நேரமா?"

"என் சோத்துல கை வைக்க நேரம் இருக்குல்ல?"

கூட்டம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. முதலாளி என்னைப் பார்த்து, "நீ அனுப்பும்மா" என்றார். நான் அனுப்பினேன். அவரே கிச்சனுக்குப் போய்ச் சீட்டைக் கிழித்துக்கொண்டு வந்தார். அதிலும் கட்டங்கள்.

"என்னடா பிரஹலாத் இது?"

"பிரிண்டர் இஷ்யூ சித்தப்பா. சாஃப்ட்வேர் நல்ல சாஃப்ட்வேர்தான்."

"அவ அன்னிக்கே கேட்டாளேடா."

அவ்வளவுதான் சொன்னார் முதலாளி. அதற்கு மேல் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. சொந்த அண்ணன் மகனாயிற்றே. வேணி அக்காவை நிற்கச் சொன்னார். இனி விரதத்துக்குக் குரலே கொடுக்கலாம் என்றும் சொன்னார். வேலை போகவில்லை.

இரண்டு நாள் கழித்து பிரவீன்ராஜ் வந்து புதுப் பிரிண்டரை மாட்டினார். மெனுவில் 'விரதம்' என்று தமிழில் ஒரு பட்டனும் வந்தது. வேணி அக்கா அவரிடம் போனார்.

"பட்டன் வந்திருச்சு, சந்தோஷம். என் பேருல ஏறுன தப்பை எடுத்துடுங்க."

"அதை அழிக்க முடியாதுக்கா. ஒருதடவை பதிவானா பதிவானதுதான். சிஸ்டம் அப்படி."

"சிஸ்டத்தை யாரு செஞ்சது? நீங்கதானே?"

"எங்க கம்பெனி. ஆனா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பிரஹலாத் சார் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "விடுங்க வேணிம்மா, யாரு அதைப் பாக்கப்போறா?"

"நீங்கதான் மாசாமாசம் பாக்கறீங்க" என்றார் வேணி அக்கா.

பிறகு டேப்லெட்டை என் மேஜையில் வைத்தார். அந்தத் தப்பை எடுக்கிற வரைக்கும் இதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் போனார். அன்றிலிருந்து அவர் வாயால் சொல்கிறார், நான் கல்லாவிலிருந்து அழுத்துகிறேன். முதலாளி பார்த்தும் பார்க்காததுபோல இருக்கிறார். மாமி அடுத்த ஏகாதசிக்கு வரவில்லை. வேணி அக்கா காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாதக் கடைசியில் ரிப்போர்ட் வந்தது. வேணி: தவறான ஆர்டர் ஒன்று. பட்டன் இல்லாத சாஃப்ட்வேரை வாங்கியவர் பெயர் அதில் எந்த மூலையிலும் இல்லை. வாங்கியவர் தப்பையும் பதிவு செய்ய ஓர் இடம் வேண்டும் என்று பிரவீன்ராஜின் கம்பெனிக்கு நான் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. திரும்பவும் எழுதுவேன்.