மேஸ்திரி படி

கச்சிராயபாளையத்துல மாடிப்படி கட்டணும்னா மைக்கேல்ராஜ் மேஸ்திரியைத்தான் கூப்பிடுவாங்க. சுவரு எழுப்ப எத்தனையோ பேரு இருக்காங்க, படிக்கு அவரு ஒருத்தருதான். அவரு கட்டின மாதா கோயில் படியில முட்டி தேஞ்சவங்ககூட மூச்சு வாங்காம ஏறிப் போவாங்க. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சநஞ்சமில்ல. கடைசியில அதுதான் மனுஷனைக் கவுத்துச்சி.

உயரம்னா அவருக்குப் பயம். கொத்தனாருக்கு உயரம் பயமான்னு சிரிக்காதீங்க. கூட வேலை செஞ்ச தம்பி எட்வின் சாரத்துலேர்ந்து விழுந்து செத்ததைக் கண்ணால பாத்தவரு. அதுக்கப்புறம் மொத மாடிக்கு மேல வேலை வந்தா ஆளை அனுப்பிட்டு கீழ நின்னு கத்திக்கினு இருப்பாரு. ஒரே மக ஷைனி சின்னப் பொண்ணா இருக்கசொல்ல தண்ணி டேங்க் மேல ஏறிட்டான்னு ஆளை விட்டு எறக்கி அடிச்சாரு பாருங்க, தெருவே கூடிப் போச்சி. வளந்து பெங்களூருல வேலைக்குப் போனவ அங்க பாறை ஏறப் பழகிட்டா. விஷயம் தெரிஞ்சதும் போன்ல வாய்க்கு வந்தபடி பேசிட்டாரு. "பல்லி மாதிரி சுவத்துல தொங்கவா உன்னப் படிக்க வெச்சேன்?"ன்னு கேட்டாரு. அப்போலேர்ந்து அவ அம்மா செலினாகிட்ட மட்டும்தான் பேசுவா. கிறிஸ்மஸுக்குக்கூட வூட்டுக்கு வரல.

அப்படிப்பட்டவ போன வருஷம் ஒருநாள் அவருக்கே போன் பண்ணா.

"அப்பா, வெள்ளிமலை தாண்டி பொன்னுரங்கம் அண்ணனுக்கு நீ வூடு கட்டசொல்ல நானும் வந்தேனே, அவரு சாமைக் கொல்லைக்குப் பின்னாடி ஒரு மொட்டைப் பாறை இருக்குல்ல?"

"ஆமாம் பாப்பா."

"ஃப்ரெண்ட்ஸோட வரேன். இதுவரைக்கும் யாரும் ஏறாத பாறைப்பா அது. மொதல்ல ஏறுறவங்கதான் அந்த வழிக்குப் பேரு வெக்கணும். வண்டி, சாப்பாடு, தங்குற எடம் எல்லாம் நீதான் பாக்கணும். அங்க எனக்கு வேற யாரைத் தெரியும்?"

போனை வெச்சிட்டு சிமெண்ட் மூட்டை மேல உக்காந்து அழுதாரு. "இன்னாங்க ஆச்சி?"ன்னு பதறிப்போயி செலினா ஓடியாந்தாங்க. "பாப்பா வருது. என்னைக் கேக்குது"ன்னாரு.

அதுக்கப்புறம் மனுஷன் ஒரு எடத்துல உக்காரல. மழைக்காலத்துல பாறை வழுக்கும், சாமை அறுத்து முடிச்சி தை மாசம் வந்தா கொல்லையிலயே கூடாரம் போடலாம்னாரு பொன்னுரங்கம். பஸ்ஸை நம்ப முடியாதுன்னு மேஸ்திரி ஜீப்பு பேசினாரு. பாம்பு கீம்பு கடிச்சா கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத்தான் எறங்கணும், அதனால வண்டி அங்கயே நிக்கணும்னு டிரைவர்கிட்ட சத்தியம் வாங்கினாரு. தேன்கூடு எந்தப் பக்கம் இருக்குதுன்னு போட்டோ எடுத்து அனுப்பினாரு. பொண்ணுங்க வருதேன்னு கொல்லை ஓரத்துல ஒரு கக்கூஸே கட்டிட்டாரு! "உன்ன மாதிரி யாரும் பிளான் பண்ண முடியாதுப்பா"ன்னு ஷைனி சொன்னப்போ அவரு கால் தரையில நிக்கல.

அதோட விட்டிருக்கக் கூடாதா?

எல்லாம் முடிஞ்சி ஒருநாள் பாறைக்கு அடியில நின்னு அண்ணாந்து பாத்தாரு. ரெண்டு தென்னை உயரம். சாரம் இல்ல, பிடி இல்ல. எட்வின் கத்தின கத்தல் காதுல கேட்டுச்சி. 'இதுல எங்க கைய வெக்கும் எம்புள்ள?'ன்னு தனக்குத்தானே கேட்டுக்கினாரு. மறுவாரமே ஜெனரேட்டரும் ட்ரில் மிஷினும் ஏத்திக்கினு வந்துட்டாரு. தண்ணி டேங்குல ஏறுறதுக்குக் கம்பிப் படி இருக்குமே, அந்த மாதிரி கம்பியை வளைச்சி, பாறையில ஓட்டை போட்டு, சிமெண்ட் வெச்சி அடிச்சாரு. ஒரு கம்பி இறுகினதும் அது மேல ஏறி நின்னு அடுத்தது. ஆளை அனுப்பல, அவரே ஏறினாரு. கண்ணைக் கீழ எறக்காம, "மாதாவே, மாதாவே"ன்னு சொல்லிக்கினே உச்சி வரைக்கும் போனாரு.

"பாப்பாகிட்ட கேட்டியா மேஸ்திரி?"ன்னாரு கீழ இருந்து பொன்னுரங்கம்.

"கேட்டா வேணான்னும். வந்து பாத்தா சந்தோஷப்படும்."

தை மாசம் வந்தாங்க. ஜீப்புலேர்ந்து எறங்கின ஷைனி ஓடியாந்து அப்பனைக் கட்டிப் பிடிச்சா. அவருக்கு ஒலகமே கைக்குள்ள வந்த மாதிரி இருந்துச்சி. அறுத்த சாமைக் கொல்லை வழியா முன்னால நடந்து அவரே கூட்டிக்கினு போனாரு. பாறை தெரிஞ்சுது. வெயில்ல கம்பியெல்லாம் வரிசையா மின்னுச்சி.

கூட வந்த ஃப்ரெண்ட்ஸ் கயித்து மூட்டையைக் கீழ எறக்கி வெச்சாங்க.

"யாருப்பா போட்டது?"

"நாந்தாம்மா. ஒவ்வொண்ணும் என் கையால அடிச்சது. யானை தொங்கினாலும் அசையாது."

ஷைனி திட்டல. திட்டியிருந்தா மனுஷன் பொழச்சிருப்பாரு. ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பக்கமும் போய்ப் பாத்துட்டு வந்து தலையை ஆட்டினாங்க. ஒரு பக்கம் தேன்கூடு, இன்னொரு பக்கம் கல்லு பேந்துக்கினு வருது. நல்ல வழி ஒண்ணே ஒண்ணுதான். கொத்தனாரு இல்லியா, உறுதியான எடமாப் பாத்து அதுலயேதான் கம்பி அடிச்சிருந்தாரு.

அவ பையைக் கழட்டி வெச்சிட்டு, கம்பியைப் பிடிச்சி மேல ஏறினா. "நல்லா இருக்குப்பா"ன்னு உச்சியிலேர்ந்து சொன்னா. எறங்கி வந்து செலினா குடுத்தனுப்பின கோழிக் குழம்பைச் சாப்ட்டாங்க. மூணு நாள் தங்க வந்தவங்க அன்னிக்கு மத்தியானமே கெளம்பிட்டாங்க. புதுக் கக்கூஸு கதவைத் தொறக்கக்கூட இல்ல.

அந்த வழிக்கு சித்தப்பா எட்வின் பேரை வெக்கணும்னு அவ நெனச்சிருந்த சங்கதியை ஒரு வாரம் கழிச்சித்தான் செலினா சொன்னாங்க. வெச்சிருந்த சோத்தைத் தொடாம எழுந்து போயிட்டாரு.

இப்போ ஞாயித்துக்கிழமையானா கள்ளக்குறிச்சியிலேர்ந்து பசங்க வந்து அந்தக் கம்பியில ஏறி செல்ஃபி எடுக்கறானுங்க. 'மேஸ்திரி படி'ன்னு ஊரே பேரு வெச்சிடுச்சி. டீக்கடையில யாராவது அதைப் பாராட்டினா, டீயை அப்படியே வெச்சிட்டு மனுஷன் நடையைக் கட்டிடுவாரு.

போன மாசம் தாங்க முடியாம ஷைனிக்குப் போன் பண்ணாரு. "கம்பியெல்லாம் அறுத்துடறேன் பாப்பா. ஓட்டையையும் அடைச்சிடறேன். நீ ஒரு வாட்டி வா."

"அறுத்தாலும் மொதல்ல ஏறினது நீதானேப்பா"ன்னா. கோவமாச் சொல்லல. "உனக்குத்தான் உயரம்னா பயமாச்சே, எப்படிப்பா ஏறின?"

அவரு 'சாப்ட்டியாம்மா?'ன்னு பேச்சை மாத்தினாரு. ஆந்திரா பக்கம் வேற ஒரு பாறை பாத்திருக்கிறதா, அடுத்த மாசம் போறதா அவளே சொன்னா.

"வண்டி, சாப்பாடெல்லாம் நான் வேணா வந்து பாக்கட்டுமாம்மா?"

"வேணாம்ப்பா"ன்னா ஷைனி. "எல்லாத்தையும் நானே பாத்துட்டேன்."