ஃபேன் அடங்கிய மதியம்

பிளான்காரரை நான் முதலில் பார்த்தது, பட்டம் வாங்கிய கையோடு கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில். தலையணை உறைக்குள் போட்டுக் கொண்டுவந்த லேப்டாப்பை மேசைமேல் வைத்தார்.

“உள்ள இருக்கிற ஃபேனக் கழட்டிடுங்க தம்பி.”

கழட்டினால் மெஷின் வெந்துபோகும் என்றேன். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். மீதிக் கதை, அடுத்தடுத்து அவர் கடைக்கு வந்தபோது தவணை முறையில் கிடைத்தது.

வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து கொடுப்பது அவர் தொழில். மாடியில் இரண்டு அறை. ஒன்றில் கட்டில், இன்னொன்றில் மேசை. பிள்ளைகள் இல்லை. மனைவி கடல் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். போன புதிதில் இருவரும் வீடியோவில் பேசித் தீர்த்தார்கள். சில மாதத்தில் பேச்சு வற்றியது. தினம் தினம் புதிதாகச் சொல்ல இரண்டு பேருக்குமே என்னதான் நடந்துவிடுகிறது? ஆனாலும் அழைப்பைத் துண்டிக்க மனம் வரவில்லை. அப்படியே ஓடவிட்டுப் பழகினார்கள். இரவுப் பணி முடித்து வந்து, போனைத் தலைமாட்டில் சாய்த்து வைத்துவிட்டு அவள் தூங்குவாள். அங்கே விடிகிற நேரம், இங்கே மதியம். திரையின் ஓரத்தில் அவளை வைத்துக்கொண்டு, மீதி இடத்தில் இவர் யார் யாருக்கோ படுக்கையறையும் சமையலறையும் வரைவார்.

இதைக் கெடுத்தது ஃபேன். வீடியோவும் பிளானும் சேர்ந்து ஓடினால் பிராசசர் கொதிக்கும், ஃபேன் அலறும். அங்கே என்ன மாவு மில் வைத்திருக்கிறீர்களா என்று முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. மைக்கை அணைத்துப் பார்த்தார்கள். ஆளே இல்லாத வீட்டைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது, தூக்கம் வரவில்லை என்றாள். கடைசியில், இனிமேல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டாள். அந்தக் கேள்விதான் அவரைக் கடைக்குத் துரத்தியது.

நான் விளக்கினேன். எந்தச் சிப்பும் மக்கர் பண்ணக் கூடாது என்று பொதுவாகத் தேவைக்குக் கொஞ்சம் தாராளமாகவே வோல்டேஜ் வைத்து அனுப்புவார்கள். அந்தத் தாராளமெல்லாம் சூடாகத்தான் வெளியே வரும். வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, வேகத்தையும் மட்டுப்படுத்தினால் சூடு தணியும், ஃபேன் அடங்கும், பேட்டரியும் கூடுதலாகத் தாங்கும். பிளான் திறக்கத்தான் தாமதமாகும்.

“எனக்கென்ன அவசரம், ரயிலா புடிக்கப் போறேன்?” என்றார்.

அளவுக்கு மீறி இறக்கினால் திரை அப்படியே உறைந்து நின்றுவிடும் என்று எச்சரித்து, மாற்றும் இடத்தையும் காட்டி அனுப்பினேன்.

ஒரு படி இறக்கினார். அலறல் முனகலானது. இன்னும் ஒரு படி இறக்கியதும் முனகல் மூச்சாகத் தேய்ந்தது. அப்போதுதான் அவருக்கு அவள் அறை கேட்டது. குழாய் சொட்டுவது, பக்கத்து அறையில் யாரோ கதவு சாத்துவது, அவள் புரண்டு படுக்கும்போது கட்டில் கிறீச்சிடுவது. இத்தனை நாளும் ஊமைப்படம் பார்த்துக்கொண்டிருந்ததாகத் தோன்றியது. தூக்கத்தில் அவள் ஏதோ முணுமுணுத்தாள். அது என்னவென்று பிடிபடவில்லை. காதைத் திரையருகே கொண்டுபோனால், மிச்சமிருந்த அந்த ஃபேன் மூச்சு குறுக்கே நின்றது.

ஆசை யாரை விட்டது? மறுநாள் மதியம் இன்னும் ஒரு படி இறக்கினார்.

சுத்தமான அமைதி. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பிவிடுமே என்று வழக்கம்போலத் தன் போனின் சத்தத்தை அடக்கிக் கட்டில் அறையில் போட்டுவிட்டு, அச்செடுத்த பிளானை மேசைமேல் விரித்துச் சிவப்புப் பேனாவால் திருத்த உட்கார்ந்தார். அவ்வப்போது நிமிர்ந்து பார்ப்பார். அசையாமல் தூங்குகிறாளே, பாவம், நல்ல அலுப்பு என்று மனம் குளிர்ந்தார். கீபோர்டைத் தொடவே இல்லை.

மாடிக் கதவு இடிபடும் சத்தத்தில்தான் எழுந்தார். கீழ்வீட்டுத் தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு மூச்சிரைத்துக்கொண்டு நின்றார்.

“உங்க வீட்டம்மா போன்ல அழுவுறாங்க சார். கதவ ஒடைக்கச் சொல்றாங்க. நீங்க என்னடான்னா பேனாவும் கையுமா நிக்கிறீங்க.”

பிளான்காரர் திரும்பித் திரையைப் பார்த்தார். அவள் சன்னலில் அதே சாம்பல் வெளிச்சம். எப்போதோ வெயில் வந்திருக்க வேண்டிய சன்னல் அது. மெஷின் உறைந்துபோய், ஒரு படத்துக்குத்தான் இவ்வளவு நேரமும் துணை இருந்திருக்கிறார். அங்கே அவள் தற்செயலாகக் கண் விழித்தபோது, தலை மேசைப்பக்கம் சாய்ந்து, கண் பாதி மூடி, அசையாத புருஷன் தெரிந்திருக்கிறார். அப்புறம் அதுவும் அறுந்தது. போன் அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறாள்.

தையல்காரரின் போனை வாங்கி “நல்லாத்தாம்மா இருக்கேன்” என்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

“அந்த ஃபேன் ஓடுனா ஓடட்டுங்க. சத்தம் கேட்டாத்தானே நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்?”

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை அவள் அதன்பின் எடுக்கவில்லை. கடைசியாக இறக்கிய படியை மட்டும் அவர் திரும்ப ஏற்றிவிட்டார். தூக்கத்தில் முணுமுணுத்தது என்ன என்று கேட்டதற்கு, தனக்கே தெரியாது என்றாளாம்.

அவள் ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருக்கிறது. அதே முதியோர் இல்லத்தில் இரவுப் பணி. பிளான்காரர் அதே மாடியில் தனியாக இருக்கிறார். மதிய வேளைகளில் அவர் மேசைமேல் ஃபேன் மெல்ல ஓடிக்கொண்டிருக்கிறது.