மோட்டார் ஓடாத காலைகள்

தொண்ணூறுகளின் நடுவில், அன்னூர் சாலையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், நாளெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு சொட்டுத் திரவத்தை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, ஒரு தலைமுடி நுழையும் இடைவெளியில், திரவப் படிகம். தண்ணீராய் ஓடும், ஆனால் அதன் மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து நிற்கும். மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினால் நுண்ணோக்கியில் வரிகள் எழும், உழுத காடு போல. இன்னும் ஏற்றினால் வரி நெளியும், உடையும், எல்லாம் கலங்கும். அந்தக் கலக்கம் எந்த வோல்ட்டில் தொடங்குகிறது என்பதுதான் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம்.

அது இரண்டு வோல்ட்டில் தொடங்கியது. பெரும்பாலான நாள்களில் ஓர் எண். சில நாள்களில் அதைவிடக் கூடுதலாய் இன்னோர் எண். அதே சொட்டு, அதே வெப்பம்.

"ரெண்டுல ஒண்ணு பொய்ங்க," என்றார் என் வழிகாட்டி. திட்டுவதையும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். "பொங்கலுக்குள்ள எதுன்னு கண்டுபுடிங்க. இல்லீனா அத்தியாயத்தையே எடுத்துப்போடுங்க."

எடுத்துவிட்டால் மிஞ்சுவது முன்னுரையும் நன்றியுரையும்தான்.

விடுதியில் வேறு தொல்லை. காலையில் தொட்டி காய்ந்து கிடக்கும்; அதற்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை முந்தின பகலில் யாரோ நிறுத்தியிருப்பார்கள். வாளியோடு வரிசையில் நிற்கையில் பொள்ளாச்சித் தோழி பொரிவாள்: "மோட்டாரை நிறுத்திப்போடறவன் மட்டும் என்ற கையில கெடைக்கட்டும்! நீ மூஞ்சியக் கழுவீட்டுப் போ கண்ணு, உன்ற படிகம் மோந்தா பாக்கப்போகுது?" நானும் சேர்ந்து வைதேன்.

கார்த்திகையில் ஆய்வக உதவியாளர் தங்கை கல்யாணத்துக்கு ஒரு வாரம் விடுப்பில் போனார். அந்த வாரம் முழுக்கக் கூடுதலான எண். விடுதியில் முழுக்கத் தண்ணீர். நான்காம் நாள், தலைக்குக் குளித்த ஈரம் குறிப்பேட்டில் சொட்டி, எழுதிய எண் கரைந்தபோதுதான் உறைத்தது: தண்ணீர் இருக்கும் நாளில்தான் எண் கூடுகிறது.

லட்டோடு திரும்பி வந்தவரிடம் கேட்டேன், ஆய்வகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும், விடுதிக்குத் தண்ணீர் ஏற்றும் போர்வெல் மோட்டாரை நிறுத்துவது யார் என்று.

"நாந்தானுங்க அம்மணி. அது ஓடுனா இங்க லைட்டு மங்குதுங்க. ஒருக்கா நீங்க 'ச்சு'ன்னீங்க. அதுலிருந்து நீங்க வந்து உக்காந்தா நிறுத்திப்போடறதுங்க."

"சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"இதையெல்லாம் போயிச் சொல்லீட்டிருப்பாங்களாங்க?"

அடுத்த பத்து நாள், ஓடவிட்டும் நிறுத்தியும் அளந்தோம். சுவிட்சருகே அவர் நின்று குரல் கொடுப்பார்: "இப்ப ஓடோணுங்களா, நிக்கோணுங்களா?" தேய்ந்த மோட்டாரின் இரைச்சல் மின்கம்பி வழியே எங்கள் பழைய கருவிக்குள் புகுந்து, சொட்டைத் தாறுமாறாய் உலுக்கியது. உலுக்கினால் கலக்கம் முந்தும் என்று நினைத்தேன். பிந்தியது. ஒழுங்கில்லாத அந்த அதிர்வுதான் வரிகளை இன்னும் கொஞ்சம் தாங்கிப் பிடித்தது. ஏன் என்பது அன்று பாதி புரிந்தது, இன்றும் பாதிதான்.

இரண்டு எண்ணும் பொய்யில்லை. ஒரே வரைபடத்தில் இரண்டு கோடுகளாய் அத்தியாயம் பிழைத்தது. 'போர்வெல் மோட்டார்' என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'புற இரைச்சல்' என்று திருத்தினார் வழிகாட்டி.

நன்றியுரையில் உதவியாளருக்கு ஒரு வரி சேர்த்தேன். எதற்கென்று எழுதவில்லை, பொள்ளாச்சித் தோழி அதைப் படிப்பாள்.