முந்தைய விண்டோ

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அன்று தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். என் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

என் தம்பி மென்பொருள் எழுதுகிறவன். நானும்தான். அவன் கடைசியாகச் செய்த புரோகிராம் ரொம்பச் சின்னது. எதில் வேலை செய்துகொண்டிருந்தாலும் ஒரு கீயைத் தட்டினால் அது மேலே வரும். அதில் அடிக்கும் வரியை, அதற்கு முன் நாம் இருந்த விண்டோவுக்கே அனுப்பிவிடும்; அந்த விண்டோவின் பெயரையும் காட்டும். ஆரம்பத்தில் ஒரே தொல்லை. மேலே வந்த பிறகு, "இப்போது திரையில் முன்னால் இருப்பது எது?" என்று பார்த்து, தன் பெயரையே காட்டிக்கொண்டிருந்தது.

"உன்ன மாதிரியே இருக்குடா. எப்பப் பாரு நான், நான்னு."

"வர்றதுக்கு முன்னாடியே குறிச்சு வெச்சுக்கணும்க்கா. வந்தப்புறம் கேட்டா லேட்."

சரிசெய்தும் விட்டான்.

பிறகு அப்பாவின் வைத்தியத்தை வைத்து எங்களுக்குள் சண்டை. 'இனி என் முகத்தில் விழிக்காதே' என்று அவன் அலுவலக மெயிலுக்கு எழுதினேன். மறுநாள் காலை வீட்டில், தன் அறையில், கீபோர்டின் மேல் கவிழ்ந்து கிடந்தான். மாரடைப்பு. வயது முப்பத்தொன்று.

அதைப் படித்துவிட்டா செத்தான்? அந்தக் கேள்வி என்னைத் தின்றது.

பதினோராம் நாள். மதியம் 3:10. அவன் அறையில் நல்ல வெயில். நெட் கேபிளை அவன் மனைவி முன்பே கழற்றி, சுருட்டி அலமாரியில் வைத்திருந்தாள். அந்தக் கம்ப்யூட்டருக்கு நெட் வர வேறு வழி கிடையாது.

கம்ப்யூட்டரைப் போட்டேன். கால்குலேட்டரைத் திறந்தேன். பிறகு அந்தக் கீயைத் தட்டினேன். 'முன்பு இருந்தது: கால்குலேட்டர்' என்று வர வேண்டும்.

'முன்பு இருந்தது: அக்கா மெயில்.'

மூடினேன். மறுபடி தட்டினேன். அதேதான். மெயிலை நான் திறக்கவே இல்லை...

3:12. அதில் அடித்தேன். 'படிச்சியா?'

வரி மறைந்தது. கால்குலேட்டரில் வெறும் பூஜ்யம்.

டக்.

என் கைகள் மடியில் இருந்தன.

டக்... டக்...

3:14. பெயர் மாறியது.

'முன்பு இருந்தது: இரு அக்கா, படிக்கிறேன்.'

ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை.

மறு வாரம், அவன் அலுவலகத்தில் மெயிலைக் கவனிக்கும் நண்பனுக்கு போன் செய்தேன்.

"மறைக்காம சொல்லுப்பா. படிச்சானா?"

"அவன் இருந்தவரைக்கும் படிக்கலக்கா. திறக்காமத்தான் கெடந்துச்சு."

வாய்விட்டு அழுதேன். நிம்மதியில்.

"ஆனா அக்கா..." தயங்கினான். "போன வாரம் அவன் கம்ப்யூட்டர்லேர்ந்து யாரோ திறந்திருக்காங்க. மதியம் 3:14. நீங்களா?"

கேபிள் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

'படிச்சியா?' என்று நான் அவனைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.