பேனா வட்டம்

முடிச்சூர் கிளினிக்கில் டாக்டர் இன்னும் வரவில்லை. இருந்த ஒரே நர்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடி மூக்கு நுனியில், நீலப் பேனா காதோரத்தில். என் மகளின் கைகளில் சிவந்த தடிப்புகள், ஓயாத அரிப்பு. மறுநாள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. வீட்டு வாசலில் என் மனைவி அதற்குள் வேப்பிலை செருகிவிட்டாள்.

"அம்மையா சிஸ்டர்?"

"இருங்க சார். பாப்பா, மூச்சு வாங்குதா? உதடு வீங்குதா? காய்ச்சல்?"

மகள் இல்லையென்று தலையாட்டினாள். நர்ஸ் பேனாவை எடுத்து ஒரு தடிப்பைச் சுற்றி வட்டம் போட்டார்.

"காலையில பாருங்க. இங்கயே இருந்து நீர் கோத்துக்கிச்சுன்னா அம்மை. இங்க மறைஞ்சு வேற எடத்துல கெளம்புச்சுன்னா காணாக்கடி, வெறும் அலர்ஜிதான்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"வட்டத்த அழிக்காதீங்க."

எரிச்சலை அடக்கிக்கொண்டேன். பிறகு வந்த டாக்டரும் அதையேதான் சொன்னார். அரிப்புக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்.

விடிந்ததும் மகளின் கையைப் பிடித்துத் திருப்பினேன். வட்டத்துக்குள் வெறும் தோல். முழங்காலருகே புதுத் தடிப்பு. காணாக்கடிதான். வேப்பிலையைக் கழற்றிவிட்டு அவளைத் தேர்வுக்கு அனுப்பினேன்.

அன்று மாலை நன்றி சொல்லப் போனேன். கைகூப்பிய நர்ஸின் மணிக்கட்டிலும் ஒரு நீல வட்டம். மங்க மங்க மறுபடி மறுபடி வரைந்து தடித்துப்போன வட்டம். உள்ளே ஒரு சின்னக் கட்டி.

"இது என்ன சிஸ்டர்?"

"இது மட்டும் எடம் மாற மாட்டேங்குது சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.