முந்தி வந்த கோல்

மௌரீன் அன்று காலை ஒரு பெரியவரை மூச்சு விடச் சொல்ல மறந்துவிட்டாள்.

அவளுக்கு எக்ஸ்ரே எடுக்கும் வேலை. நோயாளியைப் பலகையோடு நெஞ்சு ஒட்ட நிறுத்தி, "மூச்சை இழுத்துப் புடிங்க" என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு "விடுங்க" என்று சொல்ல வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். அன்று படம் எடுத்த கையோடு அவள் மனசு கோவாவுக்கு ஓடிவிட்டது. நடுக்களத்தில் யாரை இறக்குவார்கள்? முதலிலேயே ஒரு கோல் விழுந்துவிட்டால் நம் பையன்கள் தாங்குவார்களா? பெரியவர் முகம் சிவந்து, பேச முடியாமல் ஒரு கையை உயர்த்தி ஆட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"ஐயோ, விடுங்க சார், விடுங்க!"

கூட வேலை பார்க்கும் ஸ்னேஹா உள்ளே எட்டிப் பார்த்தாள். "என்ன மேடம், வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இன்னைக்கு மேட்ச் இருக்கு."

"கிரிக்கெட்டா? யாரோட?"

"ஃபுட்பால். கோவால, சிங்கப்பூரோட. இதுல ஜெயிக்கலைன்னா ஆசியக் கோப்பையை மறந்துட வேண்டியதுதான்."

"இந்தியாவுக்கு ஃபுட்பால் டீம் இருக்கா மேடம்?"

ஸ்னேஹா கேலி செய்யவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். கேலியாக இருந்திருந்தால் மௌரீன் சண்டை போட்டிருப்பாள்.

விவேக் நகரில் பிறந்து வளர்ந்தவள் மௌரீன். கல்லூரியில் படிக்கும்போது அண்ணனுடைய நண்பர்களோடு ஒருநாள் ஆட்டம் பார்க்கப் போனாள். போனவள் போனவள்தான், அதற்குப் பிறகு மீளவே இல்லை. அந்தக் காலத்தில் மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஆட்டத்தன்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து, தொண்டை வறள வறளக் கத்திவிட்டு வருவாள். "பொம்பளப் புள்ளைக்கு இது என்னடி பைத்தியம்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு மஸ்கட் போனான். அம்மா படுக்கையில் விழுந்தாள். பார்த்துக்கொள்ள மௌரீன் இருந்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அம்மாவுக்கு முடியாமல் போனது. அம்மாவும் போன பிறகு கல்யாணப் பேச்சு எடுக்க யாருமில்லை.

ஆனால் கண்டீரவா மைதானத்தில் அவளுக்கென்று ஒரு கூட்டம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர். இந்தியா விளையாடினால் ஊதல், தப்பட்டை, கொடி எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வெளியூரில் ஆட்டமென்றால் பிரேசர் டவுனில் ஒரு சின்ன உணவகத்தில் கூடுவார்கள். அவர்களுக்கு 'கிழக்கு கேலரி' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. காலம் போகப் போக ஒருவர் கனடா போனார். இன்னொருவரைக் கொரோனா கொண்டு போயிற்று. சின்னப் பையன்கள் இங்கிலாந்து கிளப்புகளின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். தோற்றுத் தோற்று அலுத்துப்போய் மிச்சப் பேர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

காலையில் அந்தக் குழுவில் மௌரீன், "இன்னைக்கு ஏழரைக்கு. யாரெல்லாம் வர்றீங்க?" என்று போட்டிருந்தாள். மதியம்வரை எல்லோரும் பார்த்துவிட்டதாக நீல நிறக் குறி விழுந்திருந்தது. பதில் ஒன்றும் விழவில்லை.

பொறுக்காமல் சண்முகத்தைப் போனில் கூப்பிட்டாள். கௌதமபுரத்துக்காரர். ஒரு காலத்தில் தொழிற்சாலை அணிக்காக ஆடியவர். முழங்கால் போனதும் கேலரிக்கு வந்தவர். தப்பட்டை அவருடையதுதான்.

"சண்முகண்ணா, வர்றீங்கல்ல?"

"இல்லம்மா. நான் விட்டுட்டேன்."

"என்னது விட்டுட்டீங்க?"

"போன தடவை மேட்ச் முடிஞ்சதும் நெஞ்சு அடைச்சுப் போச்சு. ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ட்டு வந்தேன். வீட்டுக்காரி அனந்தலக்ஷ்மி என்னைச் சாமி படத்து முன்னாடி நிக்கவெச்சு சத்தியம் வாங்கிட்டா, இனிமே மேட்ச் பார்க்க மாட்டேன்னு."

"எனக்குச் சொல்லவே இல்லியேண்ணா."

"என்னன்னு சொல்றது? இந்தியா டிரா பண்ணதுக்கு நெஞ்சு வலின்னா, டாக்டரே சிரிக்கிறான். நீ பாரும்மா. ஜெயிச்சா நாளைக்குச் சொல்லு."

வேலை முடிந்து வரும் வழியில் குழந்தை இயேசு கோவிலுக்குள் போனாள். வழக்கமாகக் கூட்டம் சேரும் வியாழக்கிழமை இல்லை. அங்கங்கே சிலர் மண்டியிட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் ஏதோ மருந்துச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அந்த இடத்தில் கோல் வேண்டும் என்று கேட்க மௌரீனுக்கு வெட்கமாக இருந்தது. முதல் பத்து நிமிஷம் கோல் வாங்காமல் இருந்தால் போதும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு மெழுகுவத்தியை ஏற்றினாள்.

வீட்டில் உட்கார்ந்தே பார்த்திருக்கலாம். ஆனால் அந்த ஒற்றை அறையில் ஒற்றை ஆளாகத் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார அவளால் முடியாது. நீல ஜெர்சிக்கு மேல் மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு பிரேசர் டவுனுக்கே போனாள்.

உணவகத்தில் பரிமாறும் ஷில்பாவுக்கு அவளைத் தெரியும். "நீங்க ஒருத்தர் மட்டுமா மேம்?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன டிவியில் மௌரீனுடைய ஆப் கணக்கில் ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தாள். சத்தம் வைக்க முடியாது. நடுவில் ஒரு பெரிய குடும்பம் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தது. மௌரீன் வாங்கிய கட்லெட் ஆறிப்போயிற்று. தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பதா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அரைகுறையாக நின்றாள்.

முதல் பத்து நிமிஷம் கோல் விழவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் விழுந்தது. நம்முடைய கோல்!

மௌரீன் போட்ட கூச்சலில் கேக் வெட்டப் போன கை அப்படியே நின்றது. உணவகம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவள் கட்டிப்பிடிக்க இரண்டு கையையும் விரித்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. விரித்த கையைத் தலைமுடி சரிசெய்வதுபோல மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தோற்ற நாட்களில்கூட அவ்வளவு தனியாக இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

இடைவேளைக்குச் சற்று முன்னால் சிங்கப்பூர் ஒன்று போட்டு சமன் செய்தது. அப்போதுதான் போன் அடித்தது.

"நடுவுல யாருமே ஆளைப் புடிக்கலயேம்மா! அவன் பாட்டுக்குத் தனியா நின்னு அடிச்சுட்டுப் போறான்!" சண்முகம்தான். கிசுகிசுத்த குரல்.

"அண்ணா! பார்க்குறீங்களா?"

"சத்தம் போடாத. மொட்டை மாடில தண்ணி டேங்க் பக்கத்துல ஒக்காந்திருக்கேன். அவ கீழ சீரியல் பார்க்குறா. நீ கட் பண்ணாத, லைன்லயே இரு."

மௌரீன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இரண்டாம் பாதி முழுக்க அவர் மூச்சு அவள் காதில் கேட்டது. சேர்ந்து பார்ப்பதுபோலவேதான் இருந்தது. இருந்தும் ஏதோ இடித்தது. அவர் "அவுட்டு" என்று சொன்ன பிறகுதான் இவள் டிவியில் பந்து வெளியே போனது. அவர் போனில் ஆட்டம் கொஞ்சம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

திடீரென்று சண்முகம் பேச்சை நிறுத்தினார். "ச்சே" என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"அண்ணா? என்னண்ணா? நெஞ்சு வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நீ திரையப் பாக்காதம்மா."

அவள் பார்த்தாள். திரையில் இன்னும் ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. ஸ்கோர் ஒன்றுக்கு ஒன்று. நம் ஆட்கள் நம்பிக்கையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். கீழே விழப்போகும் பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல அந்தச் சில வினாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பந்து வலைக்குள் போனது.

"இன்னும் நேரம் இருக்குண்ணா" என்றாள்.

"இருக்கு, இருக்கு" என்றார் அவர்.

நேரம் இருந்தது, கோல் வரவில்லை. கடைசி நிமிஷங்களில் பின்னணியில் ஒரு பெண் குரல், "மாடில என்ன பண்றீங்க?" என்று கேட்டது. "மோட்டார் பார்க்க வந்தேன்" என்றார் சண்முகம். லைன் துண்டானது. மிச்சத்தை மௌரீன் தனியாகவே பார்த்து முடித்தாள்.

ஷில்பா மேஜையைத் துடைக்க வந்தாள். "சோத்ரா மேம்?"

தோற்றுவிட்டார்களா என்று கன்னடத்தில் கேட்கிறாள்.

"ஹௌது" என்று தலையாட்டினாள் மௌரீன்.

"அப்போ இனிமே மேட்ச் இல்லையா?"

"அடுத்த மாசம் ஒண்ணு இருக்கு. ஜெயிச்சாலும் பிரயோஜனம் இல்ல."

"வருவீங்களா?"

மௌரீன் மழைக் கோட்டை மாட்டிக்கொண்டாள். நாளைக்குச் சண்முகத்தின் வீட்டுக்குப் போக வேண்டும். அவருடைய நெஞ்சைப் பற்றி விசாரிக்க வேண்டும். ஆட்டத்தைப் பற்றி அனந்தலக்ஷ்மி எதிரில் வாயைத் திறக்கக் கூடாது.

"வருவேன்" என்றாள்.

வெளியே தூறல் பிடித்திருந்தது. ஆட்டோக்காரர் விவேக் நகருக்கு வர ஒப்புக்கொண்டார். வழி முழுக்க அவர் போனில் கிரிக்கெட் பற்றி யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார்.