சூப்பரிண்டெண்டுக்கு ஒரு பொன்னாடை

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போகவிருந்த வருடம் எங்கள் தெருவின் நடுவில் ஒரு கோடு போட்டார்கள். தெருவில் இல்லை, வரைபடத்தில். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகள் ஊரின் மறுகோடியில் உள்ள பள்ளிக்கு மாற வேண்டும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பழைய பள்ளியிலேயே இருக்கலாம். எங்கள் வீடு இந்தப் பக்கம். என் சிநேகிதியின் வீடு நேர் எதிரே, அந்தப் பக்கம்.

நியூ ஜெர்சியில், பார்சிப்பனியிலிருந்து காரில் இருபது நிமிடத் தூரத்தில் ஒரு சின்ன ஊர். அப்பாவுக்குப் பார்சிப்பனியில் கம்ப்யூட்டர் வேலை. மதுரையிலிருந்து இங்கே வந்தபோது எனக்கு ஆறு வயது, இங்கிலீஷ் சுத்தமாக வராது. முதல் வகுப்பில் பாத்ரூம் போகவேண்டும் என்று கேட்கத் தெரியாமல் காலைப் பின்னிக்கொண்டு நின்ற என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள் அவள்தான். அவர்கள் கீழக்கரைக்காரர்கள். அவளுடைய வாப்பா ஒரு செல்போன் கடை வைத்திருந்தார். ஒரு வருடம் முழுக்க என் வாயாக அவளே இருந்தாள். டீச்சர் என்னிடம் கேட்பார், அவள் என்னிடம் தமிழில் கேட்பாள், நான் சொல்வேன், அவள் அதைவிட நல்ல பதிலாக ஒன்றைச் சொல்லிவிடுவாள்.

காலையில் பஸ் வரும்வரை எங்கள் வீட்டு வாசலில், கார் நிறுத்தும் டிரைவ்வேயில் நிற்போம். பனிக்காலத்தில் கையுறையைக் கழற்றி முறுக்கு தின்போம். விரல் விறைத்துப்போகும், முறுக்கை விடமாட்டோம். அந்த மஞ்சள் பஸ்ஸின் சீட்டு வாடை, ஈரக் கோட்டு வாடை, அவள் தலையில் தேய்த்த எண்ணெய் வாடை எல்லாம் கலந்த ஒரு வாடை எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவ்வளவு பத்திரமாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

கோடு பற்றிய கடிதம் வந்ததும் நான் அழுதேன். அப்பா அழவேண்டாம் என்றார், ஒரு மனு எழுதினால் தீர்ந்தது என்றார்.

இங்கேதான் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பாவின் கணக்கில் மாவட்டம் என்று ஒன்று இருந்தால் அதற்குக் கலெக்டர் என்று ஒருவர் இருப்பார். இங்கே பள்ளிகளுக்கென்று மாவட்டம் இருக்கிறது, அதற்குத் தலைமையில் சூப்பரிண்டெண்ட் இருக்கிறார். ஆகவே அவர்தான் கலெக்டர். பள்ளிப் போர்டு என்று ஒன்பது பேர் இருப்பதும் அப்பாவுக்குத் தெரியும். தேர்தலில் நின்று வந்தவர்கள், சம்பளம் கிடையாது என்று கேள்விப்பட்டதும் அவர்களை வார்டு கவுன்சிலர் கணக்கில் சேர்த்துவிட்டார். சம்பளம் வாங்காதவன் கையில் என்ன அதிகாரம் இருக்கும் என்பது அவர் வாதம்.

மனுவுக்கு முப்பத்தொரு கையெழுத்து வாங்கினார். ஊரில் இருந்த தமிழ், தெலுங்குக் குடும்பம் ஒன்று விடவில்லை. ஒரு அங்கிள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "சைன் பண்ணா கிரீன் கார்டுக்கு ஒண்ணும் ப்ராப்ளம் வராதே?" என்று கேட்டார். வராது என்று அப்பா சத்தியம் செய்தார். மனு சூப்பரிண்டெண்டுக்குப் போனது. பத்து நாளில் பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, நான் பரிந்துரை மட்டுமே செய்கிறேன், முடிவெடுப்பது போர்டு என்று தெளிவாக எழுதியிருந்தார். அப்பா படித்துவிட்டுச் சிரித்தார். எல்லா ஆபீசரும் முதலில் இப்படித்தான் எழுதுவான், நேரில் போய்ப் பார்த்து மரியாதை செய்தால் வேலை நடக்கும் என்றார்.

அந்த வாரம் எங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் ஒழுகியது. சரிசெய்ய ஒரு பிளம்பர் வந்தார். பெரிய உடம்பு, நரைத்த மீசை, முழங்கால்வரை சேறு. பூட்சோடு சமையலறைக்குள் நுழைந்து சாமி அலமாரியைத் தாண்டி நடந்தார். அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்து கத்தினார். பூட்சைக் கழற்றினால் வேலை செய்யமுடியாது, விதி அப்படி என்றார் அவர். அப்படியானால் வெளியே போய், வீட்டைச் சுற்றி, பின்கதவு வழியாக பேஸ்மென்டுக்கு வா என்றார் அப்பா. அந்த மனிதர் சுற்றிக்கொண்டு வந்தார்.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. காபி போட்டுக் கீழே கொண்டுபோனாள். நான் மொழிபெயர்க்கக் கூடப் போனேன். பழைய ஹீட்டரிலிருந்து தண்ணீர் வடியும்வரை அவருக்கும் வேலையில்லை. எந்த ஸ்கூல் என்று என்னைக் கேட்டார். நான் கோட்டுக் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் காபியை வைத்துவிட்டு, நானும் அந்தப் போர்டில் ஒருவன் என்றார்.

நான் நம்பவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். சூப்பரிண்டெண்டை வேலைக்கு வைப்பது நாங்கள் ஒன்பது பேர். பள்ளிகளை நாள்தோறும் நடத்துவது அவர், அதில் நாங்கள் தலையிட முடியாது. வரைபடத்தை அவர் கொண்டுவருவார், வேண்டும் வேண்டாம் என்று ஓட்டுப் போடுவது நாங்கள். திருத்திக் கொண்டுவாருங்கள் என்று திருப்பியும் அனுப்பலாம். உன் அம்மாவை மீட்டிங்குக்கு வரச்சொல். ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுப்போம். ஒரே ஒரு விஷயத்தைக் கேட்கச் சொல். எனக்கு எந்தப் பள்ளி வேண்டும் என்று எல்லோரும்தான் கேட்பார்கள், அதில் நடக்கக்கூடியது எது என்று யோசித்துக் கேட்கச் சொல். நான் இவ்வளவையும் தமிழில் சொன்னேன். அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். "ஏங்க, இன்னிக்கு வந்தாரே, அவரு போர்டு மெம்பராம்."

"யாரு, அந்த ஹீட்டர்காரனா?"

"அவரு சொல்றாரு, முடிவு அவங்க கையிலதானாம். கலெக்டர் கையில இல்லியாம்."

"அவன் சொல்லுவான். நீ ரசத்த ஊத்து."

அவ்வளவுதான். அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் குழாய் மாட்டுகிறவர் ஒரு ஆபீசருக்கு மேலே உட்கார முடியும் என்பது அவர் மண்டைக்குள் போகவே போகாது. இன்றும் நம் ஆட்கள் பாதிப்பேருக்குப் போவதில்லை. வாட்ஸ்அப்பில் பள்ளியைப் பற்றி நாள் முழுக்கக் கத்துவார்கள், போர்டு தேர்தலில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டால் தெரியாது. குடியுரிமை வாங்கிப் பதினைந்து வருடம் ஆனவனும் ஓட்டுப் போடப் போகமாட்டான். இதைச் சொல்லி எனக்குப் பல வீடுகளில் சாப்பாடு நின்றுபோயிருக்கிறது.

மீட்டிங் ஜூன் மாதம், சாயங்காலம் ஏழு மணிக்கு, உயர்நிலைப் பள்ளியின் அரங்கத்தில் நடந்தது. வெளியே இன்னும் வெயில் இருந்தது. கையெழுத்துப் போட்ட முப்பத்தொரு பேரில் வந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் என் சிநேகிதியின் வாப்பா. மேடையில் நீள மேசை, ஒன்பது நாற்காலி, ஒவ்வொருவர் முன்னாலும் பெயர்ப்பலகை. சூப்பரிண்டெண்ட் மேசையின் ஓரத்தில், கோட்டு சூட்டோடு, கையில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். நடு நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில், இஸ்திரி போட்ட சட்டையில், எங்கள் வீட்டுப் பிளம்பர். அப்பா அவரைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

அப்பாவின் முறை வந்தது. பெயரும் முகவரியும் மட்டும் சொல்லச் சொன்னார்கள். அப்பா பெயர், படிப்பு, வாங்கிய ரேங்க், கம்பெனி எல்லாம் சொன்னார். பிறகு சூப்பரிண்டெண்டின் நிர்வாகத் திறமையைப் புகழ்ந்தார். அந்த ஒன்பது பேர் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. மூன்று நிமிடத்தைக் கணக்குப் பார்க்கும் விளக்கு மஞ்சளாக மாறியது. அப்பா கைப்பையைத் திறந்து ஜரிகை போட்ட பொன்னாடை ஒன்றை எடுத்தார். யாருக்காவது போர்த்தவேண்டி வரும் என்று மதுரையிலிருந்து கொண்டுவந்தது. படியேறினார், மேசையைச் சுற்றிப் போனார், உதறி விரித்து சூப்பரிண்டெண்டின் தோளில் போர்த்தினார். கைகூப்பினார்.

அந்த ஆள் விறைத்துப்போனார். ஒன்பது முதலாளிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஓட்டு நடக்கப்போகிறது, தோளில் பரிசுப் பொருள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தொட்டால் சுட்டுவிடும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். போர்டுத் தலைவி மைக்கில், மாவட்ட ஊழியர்கள் எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது, தயவுசெய்து திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். சிவப்பு விளக்கு எரிந்து மணி அடித்தது. அரங்கம் சிரித்தது. அப்பா பொன்னாடையை எடுத்து, நான்காக மடித்து, அதே பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். என்னைப் பழைய பள்ளியிலேயே விடவேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. நேரம் முடிந்துவிட்டது.

அப்போது அம்மா எழுந்தாள். கடையில் பால் விலை கேட்கக்கூட என்னை முன்னே தள்ளுகிறவள் அவள். மைக்கைக் கையால் பிடித்துக்கொண்டு பெயர் சொன்னாள், வீட்டு எண் சொன்னாள், பிறகு ஒன்பது பேரையும் பார்த்தாள்.

"சார், மேடம். ஒன் ஸ்ட்ரீட். டூ ஸ்கூல். ஒய்?"

கொஞ்சம் நிறுத்தினாள். கையால் காற்றில் ஒரு கோடு போட்டு, அதை அப்படியே எடுத்துப் பின்னால் வைத்தாள். "ப்ளீஸ் மூவ் லைன். பேக் சைட் ஆஃப் ஹவுஸ். எனி ஸ்கூல் ஓக்கே. டுகெதர்."

முப்பது நொடிகூட ஆகவில்லை. யாரும் சிரிக்கவில்லை. பிளம்பர் சூப்பரிண்டெண்ட் பக்கம் திரும்பி, கோட்டைத் தெருவின் நடுவில் ஏன் போட்டீர்கள் என்று கேட்டார். வரைபடத்தில் அது சுலபமாக இருந்தது என்றார் அவர். அப்படியானால் திருத்திக் கொண்டுவரட்டும் என்று பிளம்பர் முன்மொழிந்தார். ஐந்துக்கு நான்கு என்று அது நிறைவேறியது. அடுத்த கூட்டத்தில் கோடு என் சிநேகிதி வீட்டு வரிசையின் பின்பக்கம் போய்விட்டது. செப்டம்பரில் நாங்கள் இருவரும் சேர்ந்து மறுகோடிப் பள்ளிக்குப் போனோம். பஸ்ஸில் இன்னும் பதினைந்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்திருக்கலாம் என்று எங்களுக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

அப்பா அதற்குப் பிறகு என் பள்ளிப் பக்கமே வரவில்லை. கச்சேரிக்கு வரவில்லை, அறிவியல் கண்காட்சிக்கு வரவில்லை. எப்போது கேட்டாலும் வேலை இருக்கிறது என்பார். பழைய பள்ளி கைவிட்டுப் போன கோபம் என்று நினைத்தேன். அம்மா ஜெயித்துவிட்டாள் என்ற கோபம் என்றும் நினைத்தேன். பல வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

அரங்கம் சிரித்தது என்று எழுதினேன். முதலில் சிரித்தது நான். என் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் எனக்கு முன்வரிசையில் இருந்தார்கள். அப்பா பொன்னாடையை உதறியதும் அவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர்களோடு சேர்ந்துகொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை. சத்தமாகச் சிரித்தேன். அப்பா மேடையிலிருந்து அந்தச் சத்தம் வந்த திசையைப் பார்த்தார், என்னைக் கண்டுபிடித்தார், அவரும் லேசாகச் சிரித்தார். அப்பாவுக்கும் அது வேடிக்கையாகத்தான் இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, நான் இன்னும் பலமாகச் சிரித்தேன்.